மூக்கால் குடிக்கும் முறை

ஐந்து விஸ்கி பாட்டில்களையும் வயது வாரியாக நிறுத்தியிருந்தார் விருத்தாசலம். பத்து, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. கடைசியில், தனியே ஒரு வெல்வெட் துணிமேல், இருபத்தைந்து.

"எல்லாம் ஒரே டிஸ்டில்லரி சம்மந்தி. ஒரே ஊத்துத் தண்ணி, ஒரே பார்லி, ஒரே செப்புப் பானை. பீப்பாயில எவ்ளோ வருஷம் தூங்கிச்சுன்றதுதான் வித்தியாசம்."

திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பாதி போர்வெல் அவர் போட்டது. ஸ்காட்லாந்து ஊற்றையும் தானே தோண்டியதுபோல்தான் சொன்னார்.

கண்ணையன் தலையாட்டினார். முழுக்கைச் சட்டையின் வலது கைப் பொத்தானை மேசைக்கு அடியில் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பொத்தானுக்கு உள்ளே கயிறு இருந்தது. ஆடியில் அம்மன் கோயில் பூசாரி மஞ்சள் பூசிக் கட்டியது. இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று மனைவி கெங்கம்மாள் எதிரில் சூடம் அணைத்த கை.

கயிற்றைப் பார்க்கிறவர்கள் 'இவன் குடிப்பதை விட்டவன்' என்று நினைப்பதில்லை. 'எவ்வளவு குடித்திருந்தால் கட்டியிருப்பான்' என்றுதான் நினைக்கிறார்கள். கண்டமங்கலத்திலிருந்து வந்த வரன் அதைப் பார்த்துவிட்டுக் காபி ஆறுமுன் எழுந்து போனது. இந்தத் தடவை முழுக்கைச் சட்டையை மகள் வெண்ணிலாவே வாங்கி, இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

கீழே கூடத்தில் வெற்றிலை பாக்கோடு தட்டு தயாராக இருந்தது. அதை மாற்றிவிட்டால் நிச்சயம். அதற்குள் 'ஆம்பளைங்க சும்மா மேல போயிட்டு வர்றோம்' என்று சம்மந்தி மாடிக்கு இழுத்து வந்துவிட்டார்.

"எனக்குப் பழக்கமில்லீங்க."

"பழக்கமில்லாதவன்தான் கரெக்டா சொல்லுவான். நாக்கு ப்ளெயினா இருக்கும்."



விருத்தாசலம் முதல் பாட்டிலைத் திறந்தார். துலிப் பூ மாதிரிக் கிளாஸில் ஒரு விரற்கடை. சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். வலது கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்க வாட்ச். ஏன் வலது கையில் என்று யாராவது கேட்டால் ராசி என்பார்.

"தேனு. அப்புறம் மழையில நனைஞ்ச கருங்கல்லு."

முகர்ந்த கிளாஸை மச்சான் பெரியசாமியிடம் நீட்டினார். பெரியசாமி கருங்கல்லை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு வறுத்த மல்லாட்டைக் கடலையை அள்ளினார்.

பன்னிரண்டில் காய்ந்த திராட்சை வந்தது. பதினைந்தில் சந்தனக் கட்டை. பதினெட்டில் பழைய தோல் நாற்காலி. அதை யார் நக்கிப் பார்த்தது என்று கண்ணையன் கேட்கவில்லை. ஒவ்வொரு கிளாஸும் சம்மந்தியின் மூக்கிலிருந்து நேராகப் பெரியசாமியின் வாய்க்குப் போனது. பெரியசாமி விழுங்கும்போதெல்லாம் விருத்தாசலம் அந்தத் தொண்டையையே பார்த்தார். அவருடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

கண்ணையன் தனக்கு ஊற்றிய கிளாஸ்களை உதட்டுக்கு ஒரு விரல் முன்பே நிறுத்தி, 'நல்லாருக்குங்க' என்று இறக்கி வைத்தார். மூக்கை ஏமாற்ற முடியவில்லை. நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது. உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

நான்கு கிளாஸும் அவர் முன்னால் நிரம்பியபடியே நின்றதை விருத்தாசலம் இப்போதுதான் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, ஊத்தினது ஊத்தினபடியே இருக்குது?"

"வாசனையே போதுங்க. நீங்களும் அப்படித்தான..."

"மூக்கால குடிக்க எனக்கு முப்பது வருஷ சர்வீஸ் ஆச்சு. புது ஆளு நாக்குல வெச்சாத்தான் ஆவும்." இருபத்தைந்தின் மூடியைத் திருகினார். "இதாவது இறங்கணும். எங்க வீட்ல கை நனைக்கலன்னா சம்மந்தம் புடிக்கலன்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

படிக்கட்டில் கெங்கம்மாளின் குரல் கேட்டது. "ஏங்க, நல்ல நேரம் முடியப் போவுதாம்."

கண்ணையன் கிளாஸை எடுத்தார். குடித்தால் அம்மனுக்குப் பதில் சொல்லவேண்டும். குடிக்காவிட்டால் வெண்ணிலாவுக்கு. உதட்டில் கண்ணாடி பட்டது. கிளாஸைச் சாய்த்ததில் இரண்டு சொட்டு கட்டைவிரலில் வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. பதறி உதறினார். புதுச் சட்டையின் பொத்தான் தெறித்தது. சட்டைக் கை விலகிக் கயிறு தெரிந்தது.

விருத்தாசலம் பார்த்துவிட்டார்.

பெரியசாமி மல்லாட்டைத் தட்டில் குனிந்திருந்தார். விருத்தாசலம் மேசையைச் சுற்றி வந்து கண்ணையனின் மணிக்கட்டைப் பிடித்தார். கயிற்றின் முடிச்சைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

முடிந்தது என்று நினைத்தார் கண்ணையன். வெண்ணிலாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்தார்.

விருத்தாசலம் அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"டேய் பெரியசாமி, கீழ போயி தட்டை எடுக்கச் சொல்லு, ஜல்தி. சம்மந்தி மூக்காலயே கரெக்டா சொல்லிட்டாரு. நம்ம ஆளு."

"இன்னா சொன்னாரு?"

"உனுக்குப் புரியாது, போடா."

பெரியசாமி போனதும், கண்ணையனின் தளர்ந்த சட்டைக் கையை இழுத்து மடித்து உள்ளே செருகினார் விருத்தாசலம். இரண்டு கையும் உயர்ந்ததில் அவருடைய தங்க வாட்ச் முழங்கைப் பக்கம் சரிந்தது.

வாட்ச் இருந்த இடத்தில் அதே கயிறு, அதே முடிச்சு.

கண்ணையனுடையது வெளுத்துவிட்டிருந்தது. விருத்தாசலத்துடையதில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.