மாமியார் கிளம்பியாச்சு, கர்த்தாவே

"அடுத்து ஒரு புதுப் பாட்டு. பேரைக் கேட்டுச் சிரிச்சு முடிங்க, அப்புறம் போடறேன்," என்றது பார்லர் ரேடியோ. "'மாமியார் கிளம்பியாச்சு, கர்த்தாவே, காரை மட்டும் ஸ்டார்ட் பண்ணிக் குடு.' எழுதினது நம்ம நாஷ்வில் க்ளைட் ஹோல்கம்."

ட்ரூடியின் கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றது. க்ளைட் ஹோல்கம் அவள் புருஷன்.

நாற்காலியில் இருந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பார்லர் மொத்தமும் சிரித்தது.

தன் பாட்டு ஒன்றை ஒரு பாடகர் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் க்ளைட் சொல்லியிருந்தான். பேரை முன்னாடியே சொன்னால் ராசி போய்விடுமாம். ராசியாம் ராசி!

கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டுக்குப் பேர் கோணலாகத்தான் இருக்கும் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நாய், டிரக், விஸ்கி, ஓடிப்போன பொண்டாட்டி என்று ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள். க்ளைடே 'இதயத்தை உடைச்சது போகட்டும், டிரக் சாவி எங்கே' என்று ஒன்று எழுதியிருந்தான்; அதை ஒருவரும் சீந்தவில்லை.

அவனுக்கு முதலில் பேர் கிடைக்க வேண்டும். யாராவது சுருக்கென்று ஒன்று சொன்னால் போதும், கிடாரோடு பின்வாசலுக்குப் போய்விடுவான்.

இந்தப் பேர் எங்கே கிடைத்தது என்று ட்ரூடிக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் அம்மா மேவிஸ் சாப்பிட வந்திருந்தாள். கிளம்பும்போது கார் உறுமக்கூட இல்லை. கார்க் கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் புருஷன் மூஞ்சியைப் பாருடி. மாமியார் கிளம்பியாச்சு, கர்த்தாவே, காரை மட்டும் ஸ்டார்ட் பண்ணிக் குடுன்னு ஜெபம் பண்ணிட்டு நிக்கறான்."

க்ளைட் விருட்டென்று உள்ளே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் ட்ரூடி அன்றைக்கு நினைத்தாள்.

பார்லரிலிருந்தே வீட்டுக்கு போன் போட்டாள்.

"உனக்குப் புத்தி இருக்கா? எங்க அம்மாவை ஊர் சிரிக்க வெச்சுட்டியே."

"மிஸ் மேவிஸ் கேட்டுட்டாங்களா?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியாரை அவன் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"டென்னஸி ஸ்டேட்டே கேட்டாச்சு."

"இதுவும் விலை போகலைன்னா கிடாரை வித்துட்டு டயர் ஃபேக்டரிக்குப் போறதா இருந்தேன் ட்ரூடி. அதான் வேற எதையும் யோசிக்கலை. தப்புதான். ரெக்கார்டு கம்பெனில பேசிப் பாட்டை நிறுத்தச் சொல்லிடறேன். நீ போய் அவங்களைப் பாரு."

முதல் முதலாக ஒரு பாட்டு ரேடியோவில் வந்த அன்றைக்கே அதை நிறுத்துவதா? ஆனாலும் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல ட்ரூடிக்கு வாய் வரவில்லை.

அம்மா வீட்டில், அவளோடு சர்ச்சுக்கு வரும் சிஸ்டர் ஓரா ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டுக்கு எடுத்து வருகிற மாதிரி பீச் பழப் பலகாரம் வேறு சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

"பொண்ணு வீட்டுல ஒரு வாய் சாப்பிட்ட பாவத்துக்கு இந்த மரியாதை," என்றாள் ஓரா. "நானா இருந்தா அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன், மேவிஸ்."

மேவிஸ் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிடு அவன்கிட்ட."

"மன்னிச்சுடும்மா. பாட்டை நிறுத்தச் சொல்லிடறேன்னுட்டான். இப்பவே கம்பெனிக்குப் பேசப் போறான்."

கைக்குட்டை சட்டென்று கீழே இறங்கியது.

"ட்ரூடி, வா, ஓராவுக்குக் காபி போடலாம்."

மகளின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"போனை எடு. கம்பெனிக்குப் பேசாதேன்னு அவன்கிட்ட சொல்லு. உடனே."

"அம்மா?"

"ஒரு மாசம் மண்டையை உடைச்சு அந்த வரியைப் பிடிச்சேன்டி. நிறுத்தறானாம்."

போனை எடுக்கப் போன ட்ரூடி அப்படியே திரும்பினாள்.

"எனக்குத் தெரிஞ்ச கம்பெனிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்னேன். மாமியார் தயவுல பாட்டு விக்க மாட்டேன்னுட்டான் உன் புருஷன். நான் ஐஸ் டீ குடுத்தாக்கூட யோசிச்சுதான் வாங்குவான். திட்டினா மட்டும் ஒண்ணு விடாம பொறுக்கிக்கறான். வேற எப்படித்தான் அவனுக்கு ஒரு வரியைக் குடுக்கறது?"

"அப்போ கார்?"

"பேட்டரி ஒயரைக் கழட்டி விட்டது நான்தான். சும்மா சொன்னா அவன் மண்டையில ஏறாதே."

அம்மாவுக்கு நாக்கில் விஷம் என்று ட்ரூடி எத்தனை ஞாயிற்றுக்கிழமை க்ளைட் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள்! ட்ரூடிக்கு அம்மாவைக் கட்டிக்கொள்வதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

"சிஸ்டர் ஓரா எதிர்ல அப்படி அழுதியேம்மா."

"சிரிப்பை அடக்கினா கண்ணுல தண்ணி வராதா? இது அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த ரோஷக்காரன் பாட்டையே தூக்கிப் போட்டுடுவான்."

ட்ரூடி அவசரமாக போனைச் சுழற்றினாள். நல்லவேளை, க்ளைட் இன்னும் கம்பெனிக்குப் பேசியிருக்கவில்லை.

அவள் போனை வைத்ததும், மேவிஸ் கைக்குட்டையை மறுபடி கண்ணுக்குக் கொண்டுபோய் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டாள். கதவைத் திறக்கப் போனவள் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"வர ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன். கோழியைக் கொஞ்சம் தீய விட்டு வை."

"எதுக்கும்மா?"

"ஒரு ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வேணுமாமே."