பாசிக்குள் மீன்குஞ்சுகள்

வீட்டுக்குத் தெரியாமல் பென்னியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு சுஜிதா கோயம்புத்தூருக்குப் போன பிறகு, அவள் ஆசையாக வளர்த்த கப்பி, மோலி மீன்களைத் தோட்டத்துத் தொட்டியோடு அப்பா நல்லக்கண்ணு மண்ணைப் போட்டு மூடிவிடுவார் என்றுதான் அம்மா முப்பிடாதியம்மாள் பயந்தாள்.

அவரோ எந்நேரமும் தொட்டியடியிலேயே கிடந்தார். பெரிய மீன்கள் தாங்கள் போட்ட குஞ்சுகளையே தின்பதைப் பார்த்துவிட்டு, குற்றாலத்து ஓடையிலிருந்து பாசி கொண்டுவந்து அடர்த்தியாக நட்டார். பாசிக்குள் ஒளிந்த குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

"ஏளா, இதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பு. அப்பாவுக்குக் கோவமெல்லாம் போயிட்டுன்னு சொல்லு. மருமவனையும் கூட்டிட்டு வரட்டும்."

முப்பிடாதியம்மாள் அழுதேவிட்டாள். மகளின் நம்பர் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

"அம்மா, நெசமாத்தானா?" என்று சுஜிதா போனில் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சத்தியமாச் சொல்லுதேன்ட்டி. உங்கப்பா மாறிட்டாரு."

வெள்ளிக்கிழமை வருவதாக முடிவாயிற்று. கறி வாங்கச் சொல்லலாம் என்று முப்பிடாதியம்மாள் தோட்டத்துக்குப் போனாள். நல்லக்கண்ணு மீனுக்குத் தீனி தூவிக்கொண்டே தம்பி சுடலைராஜிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் வருதாவ. பஸ் ஸ்டாண்டுல வச்சு வேண்டாம்லே, ஆளு பாத்துரும். வீட்டுக்குள்ள வரட்டும், முடிச்சிருவோம். உங்க மதினிக்கு ஒண்ணும் தெரியாது. அவ கூப்பிட்டாத்தான் அந்தக் கழுத நம்பி வருவா."

முப்பிடாதியம்மாள் சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பினாள். மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"வந்துராதட்டி" என்றாள். "இனிமே நானே அழுது கூப்பிட்டாலும் வராத."