இரண்டு குலேந்திரன்

நானூறு வருஷப் பழமையான அந்த இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில், மொத்தப் பள்ளியும் வரிசைகட்டி நிற்கும் நீளமான படம் ஒன்று தொங்குகிறது. அதில் குலேந்திரன் இரண்டு முறை நிற்கிறான், இடது கோடியிலும் வலது கோடியிலும். கமரா இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பிப் படமெடுக்கும். அது தாண்டியதும் பின்வரிசைக்குப் பின்னால் குனிந்து ஓடினால் மறுகோடியிலும் விழலாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே பக்கத்தில் நின்ற அவன் கூட்டாளி தயாபரன்தான். சேர்ந்து ஓடுவதாகத்தான் பேச்சு. "வாடா மச்சான்" என்று குலேந்திரன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, தலைமை ஆசிரியரின் பிரம்பு கண்ணுக்குள் நிற்க, தயாபரன் அசையவில்லை.

நாற்பது வருஷமாகப் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த இரட்டையனைக் காட்டிச் சிரிக்கிறார்கள். யோசனை யாருடையது, பெயர் யாருக்கு! தயாபரனுக்கு வயிறு எரியும். பெண்பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கிய பிறகு அங்கே படிக்க வந்த அவன் மகளும் அதையேதான் காட்டினாள்.

"குலேந்திரன் மாமா ரெண்டு தரம் நிக்கிறார். நீங்கள் ஒருக்காத்தான், என்னப்பா?"

"ஓம், அவன் பெரிய கெட்டிக்காரன்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலது கோடியை அவன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"அந்தப் பக்கம் மாமா ஏன் கையை இப்பிடி வச்சிருக்கிறார்?"

தயாபரன் குனிந்து பார்த்தான். ஓடிவந்து மூச்சிரைக்க நின்ற குலேந்திரன், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, அந்த வெற்றிடத்தின் மேல் கையைப் போட்டிருந்தான். சரியாகத் தயாபரனின் தோள் உயரத்தில்.