கேபினில் சாம்பிராணி

அண்ணன் படுத்துக் கிடந்த மெத்தையைக் கரையிலேயே கொளுத்தியாயிற்று. இருந்தும் பாய்மரப் படகின் கேபினை விட்டுப் போவேனா என்றது அந்த வாடை. சிரில் தரைப் பலகைகளைப் பெயர்த்து, அடியில் தேங்கியிருந்த நீரை இறைத்து, சோடா உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்தான். மூலைக்கு மூலை அடுப்புக்கரி வைத்தான். குடிகாரனுக்கு வீட்டில் இடமில்லை என்று அண்ணனைப் படகுக்குத் துரத்தியதே அவன்தான். அங்கே செத்துக் கிடந்தவனை நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. அந்த நாற்றத்தைச் சொல்லியே உடலை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை.

இன்று படகை விலை பேச ஆள் வருகிறார். "இன்னும் லேசா வாடை அடிக்கி, இருங்க" என்றாள் மனைவி ஜெனோவா. அண்ணன் செத்தபோது கொளுத்தாத ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினாள். சாம்பிராணி போட்டாள். பன்னீர் தெளித்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப ஒண்ணுமே தெரியல."

வந்தவர் கேபின் படியில் ஒரு காலை வைத்ததுமே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அடடா... யாரு தம்பி தவறுனது?"

சிரில் உள்ளே புகைந்துகொண்டிருந்த சாம்பிராணியைப் பார்த்தான்.

"யாருமில்ல சார்" என்றான்.

அவர் நம்பவில்லை. செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படகை விட்டு இறங்கினார்.