சம்பந்தமில்லாத ஆள்

“உங்க கட்டுரையை மதிப்பிட ஆளே கிடைக்கலை, இபு,” என்றார் ஆய்விதழ் ஆசிரியர் ஹெந்த்ரார்தோ, ஜகார்த்தாவிலிருந்து போனில். “உங்களுக்குச் சம்பந்தமில்லாதவரா இருக்கணும்னு விதி. எரிமலை ஆராய்ச்சிக்காரரைக் கேட்டா, உங்க மாணவியோட அண்ணனாம். நெல் ஆராய்ச்சிக்காரர் உங்க தோழிக்கு மாமனாராம்.”

“அதைத்தானே, பாக், எழுதியிருக்கேன்?” யோக்யகர்த்தாவில் ரத்னிங்சி சிரித்தாள். இந்தோனேசிய வழக்கில் ‘இபு’ என்றால் அம்மா, ‘பாக்’ என்றால் ஐயா. எந்தத் துறையானாலும், இந்த நாட்டு ஆய்வாளர்களில் யாருக்கும் யாரும் அந்நியரில்லை என்பதுதான் அவளுடைய கட்டுரை.

மூன்று மாதம் கழித்து அவரே மறுபடி அழைத்தார்.

“கடைசியா ஒருத்தர் மாட்டினார், இபு. பேரைச் சொல்லக் கூடாது. கடல்பாசி ஆராய்ச்சி. உங்களோட எந்தத் தொடர்பும் இல்லைன்னு கையெழுத்தே போட்டுக் கொடுத்துட்டார்.”

ரத்னிங்சிக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், கட்டுரை கவிழ்ந்துவிடும். போனைக் காதில் வைத்தபடியே சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள்.

மேசையின் மறுகோடியில், கடல்பாசிப் புட்டிகளுக்கு நடுவே, அவளுடைய கட்டுரையில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார் அவள் கணவர். ஒன்பது வருடமாக அவளோடு பேசாதவர், இப்போதும் தலையை நிமிர்த்தவில்லை.

“அவரைப் போடறதுல ஆட்சேபணை உண்டா, இபு?”

“இல்லை, பாக். அவர் உண்மையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கார்.”