பின் டயர்

"கட்டின பொண்டாட்டியே கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறா. இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல?" என்றார் பேக்கரிக்காரம்மா.

கடைக்கு எதிரே, சாலை வளைவில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர். பின் டயரில் பொட்டுக் காற்று இல்லை. வயது நாற்பத்தேழு. இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா.

காலையில் ஏரியில் நாலு கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள். அது முடிந்ததும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே போட்டியில். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, இவராகவே பேர் கொடுத்துத் தேடிக்கொண்ட வினை.

ஐந்தரைக்குள் சைக்கிளை மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு நிமிஷம் தப்பினாலும் ஓட விடமாட்டார்கள், வேனில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இப்போது மணி நாலரை. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் பாக்கி. அவர் மிதிக்கிற வேகத்துக்கு அது முக்கால் மணி நேரம். ஆக, டயருக்கென்று மிஞ்சுவது கால் மணி.

மனைவியோ மதியத்திலிருந்து, "எங்க வீட்டுக்காரர் இந்த வழியாத்தான் வருவாரு" என்று பேக்கரி வாசலில் தவம் கிடந்தவள். வந்தவரைப் பார்த்ததும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

பேக்கரிக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பன்னும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் குறுக்கே வந்து மறித்தாள். பன்னைப் பிடுங்கித் தானே ஒரு கடி கடித்தாள்.

"ஏம்மா, அது அவருக்கு."

"அவருக்கு வேணாம்."

"காலையிலேர்ந்து வெயில்ல வர்ற மனுஷன்மா."

"வேணாம்னு சொல்றேன்ல."

அதற்குள் பக்கத்துச் சந்திலிருந்து வந்த ஒரு கூரியர்காரர் பைக்கை நிறுத்திவிட்டு, சக்கரத்தைப் பிடித்துக்கொடுக்கக் குனிந்தார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"தொடாதீங்க. தள்ளி நில்லுங்க."

கூரியர்காரர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்களா?" என்றவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மார்க்கெட் பின்னாடி சைக்கிள் கடை வெச்சிருக்காங்களே, அந்த அக்கா. என் பையன் சைக்கிளுக்கு இவங்கதான் பஞ்சர் ஒட்டுவாங்க. கண்ணை மூடிக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல டியூப் மாத்திடுவாங்க."

பேக்கரிக்காரம்மாவுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"நல்லா இருக்கும்மா உன் நியாயம். ஊரு வண்டிக்கெல்லாம் ஒட்டுற கை, புருஷன் வண்டின்னா மட்டும் வலிக்குதா?"

அவள் பேக்கரியின் கண்ணாடி அலமாரியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

குமாஸ்தா யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றினார். டயரை நெம்பிக் கிளப்பி டியூபை உருவினார். டயருக்குள் விரலை விட்டுத் தடவி, ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து எறிந்தார். புது டியூபை மாட்டி, பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

அப்போது போட்டி நடுவர் பைக்கில் வந்து இறங்கினார், கையில் வாக்கி டாக்கியுடன்.

"யாராவது தொட்டீங்களா?"

"ஏன் சார், தொட்டா என்ன?" என்றார் பேக்கரிக்காரம்மா.

"வெளி ஆள் ஒரு விரல் வெச்சாலும், ஒரு வாய் தண்ணி கொடுத்தாலும் அவர் பேரை அடிச்சிடுவோம். எல்லாம் அவரேதான் பாத்துக்கணும்."

கூரியர்காரர் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பேக்கரிக்காரம்மா தண்ணீர் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார்.

குமாஸ்தா எழுந்தார். மொத்தம் ஒன்பது நிமிஷம். ஏறி உட்கார்ந்து, "வரேம்மா" என்றார் மனைவியிடம்.

"பாத்துப் போங்க."

அவர் வளைவைத் தாண்டியதும் அவள் பேக்கரிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பாதிப் பன் இன்னும் கையிலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர்.

"கை பரபரன்னு வந்துச்சும்மா. அவர் மாட்டுறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கிறது இருக்கே, எனக்கு உசுரே போயிடுச்சு."

"தெரியாமப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத தாயி" என்று பேக்கரிக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசி ஆட்கள் கடக்கும்வரை சாலையைத் திறக்கமாட்டார்கள். இருவரும் அங்கேயே காத்திருந்தார்கள். ஐந்து இருபத்தைந்துக்கு நடுவரின் வாக்கி டாக்கி கரகரத்தது. அவர் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் உள்ள வந்தாச்சும்மா. ஓட ஆரம்பிச்சிட்டாராம்" என்றார்.

பேக்கரிக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பொறுமையா உக்காந்து சொல்லிக் கொடுத்தியோ. என்னமா மாத்தினாரு."

"நான் எங்கம்மா சொல்லிக் கொடுத்தேன்? போன வருஷமும் இதே பஞ்சர். டியூபைக் கையில வெச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சாரு, வேன்ல ஏத்திட்டாங்க. ஒரு வாரம் என்கிட்டகூடச் சரியாப் பேசல. கத்துக்கோங்கன்னா, 'வீட்டுலயே மெக்கானிக் இருக்கும்போது எனக்கெதுக்கு'ன்னு பேப்பரை விரிச்சுக்குவாரு."

"அப்புறம் எப்படி?"

அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சனிக்கிழமைதான் அவர் ரொம்ப தூரம் ஓட்டிப் பழகுற நாள். ஆறு மாசமா, அவர் பல்லு தேய்க்கிற நேரம் பாத்துப் பின் டயர்ல ஒரு குண்டூசி ஏத்திடுவேன். ஊரைத் தாண்டறதுக்குள்ள காத்து இறங்கிடும். போன் பண்ணுவாரு, எடுக்கமாட்டேன். பாவம், ரோட்டைச் சரியாக் கூட்டுறதில்லைன்னு நகராட்சிக்கு மூணு மனு எழுதிப் போட்டிருக்காரு."