அறுபத்தொன்றாவது விருந்தாளி

அறுபது பெண்களும் ஐந்தைந்து பேராகச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து முடித்தபோது, வாசலில் இன்னொருவர் வந்து நின்றார்.

என் சின்ன மகள் சல்மாவின் பள்ளிக்கூடத்து சண்முகவள்ளி டீச்சர்.

மூத்தவள் தாஜுன்னிசாவின் நிக்காஹ் விருந்து. எங்கள் கீழக்கரையில் ஒரே பெரிய தட்டில்தான் கூடி உண்போம், அதுதான் சஹன். ஒன்றில் ஐந்து பேர், இன்னொன்றில் ஆறு பேர் என்று வைத்தால், சம்பந்தி வீட்டார் கறித்துண்டை எண்ணியே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அதனால்தான் ஐந்தாவது படிக்கும் சல்மாவிடம் விருந்தாளிப் பட்டியலைக் கொடுத்தேன். அறுபதோடு நிறுத்தியவள் அவள்தான். இரண்டிலிருந்து ஆறு வரை எல்லாவற்றுக்கும் அறுபது பொது மடங்காம். எப்படி உட்காரவைத்தாலும் ஆள் மிஞ்சாதாம்.

அவளுக்கு இந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். நான் மசியவில்லை.

"ஆறாறாப் போட்டா?" என்று அவள் காதைக் கடித்தேன்.

"ஒரு ஆளு மிச்சம் உம்மா. நாலு நாலாப் போட்டாலும், மூணு மூணாப் போட்டாலும் அதே ஒரு ஆளுதான்."

விருந்தாளியை ஒற்றையாகச் சஹனில் உட்காரவைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அப்படி ஒருவர் மிஞ்சினால் வீட்டுக்காரிதான் கூட உட்காரவேண்டும்.

உட்கார்ந்தேன். டீச்சர் சிக்கல் என்கிற வெளியூர்க்காரர். ஆனாலும் கூச்சமில்லாமல் என் எதிரே தட்டில் கை வைத்தார். பாதிச் சோற்றில் பேச்சை எடுத்தார்.

"அக்கா, சல்மாவ ஆறாப்புக்கு அனுப்புங்க. இப்படிக் கணக்குப் போடுற பிள்ளைய நான் பாத்ததில்ல."

வேறு எங்கே கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பேன். ஒரே தட்டில் உண்டுகொண்டே முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது? சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான், அது ஊருக்கே தெரியும்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, நேரங்கழித்து வந்ததற்கு டீச்சர் வருத்தம் சொன்னார்.

"எல்லாரும் உக்காந்த பொறவு வாங்கன்னு சல்மாதான் சொல்லிச்சு."

திரும்பிப் பார்த்தேன். சல்மா தண்ணீர்ச் செம்போடு தலையைக் குனிந்துகொண்டாள்.

கள்ளி. என் வயிற்றில் பிறந்தவள், ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்து என்னையே உட்காரவைத்துவிட்டாள். நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சம்பந்தியம்மாளிடம் அதை அப்போதே சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.